என் டாக்சியில் லறியும் ரோஜரும்

கனேடிய ஆங்கிலத்தில் இன்று நான் பாஸ்!

போன மாதம் என் டாக்சியில் ஏறிய ஒருவர், "ஹாங் எ லறி" என்றார்.

"லறியின் வீடு எது?" என்று கேட்டேன். இறங்கும்வரை சிரித்தார்.

எங்களோடு டாக்சி ஓட்டும் சிவா அண்ணைதான் பிறகு விளக்கினார். "அது ஆளில்லையப்பா. 'ஹாங் எ லறி' எண்டால் இடப்பக்கம் திருப்பு, ரோஜர் எண்டால் வலப்பக்கம். லெஃப்டுக்கு லறி, ரைட்டுக்கு ரோஜர்."

இன்று காலை வோபர்ன் பகுதியில் ஓர் இளம்பெண் ஏறினார். வேலைக்கான நேர்முகத்துக்குப் போகிறாராம். மார்க்கம் வீதியில் விபத்து, ஒரு வாகனமும் அசையவில்லை. "பிந்தினால் இந்த வேலை போய்விடும்" என்று கண் கலங்கினார்.

திடீரென்று முன்னால் சாய்ந்து, "ஹாங் எ லறி!" என்று கத்தினார்.

நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இடப்பக்கம் திருப்பினேன்.

"ரோஜர்!" வலம். "திரும்ப லறி!" இடம். வீடுகளுக்கு நடுவே குறுக்கு வீதிகளில் ஓடி, நேரத்துக்கு முன்னரே அந்த அலுவலக வாசலில் நிறுத்தினேன்.

இறங்கும்போது ஆங்கிலத்தில் கேட்டார்: "நீங்கள் இங்கேயே பிறந்து வளர்ந்தவரா?"

வந்த பூரிப்பில் "ஓம்!" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக் கையசைத்துவிட்டு உள்ளே ஓடினார்.

வீட்டுக்கு வந்து மனைவிக்குப் பெருமையாகச் சொன்னேன்.

"சரி, அப்ப நேர போறதுக்கு ஆரின்ரை பேர்?" என்று கேட்டார்.

இதைப் படிக்கும் நம் குழு நண்பர்களில் யாருக்காவது தெரிந்தால் உடனே எழுதுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் நான் பதில் சொல்ல வேண்டும்.