அங்கத்தைய நேரம்

அந்தக் கைமணிக்கூடு அலறியபோது பெரியப்பா கையிலிருந்த தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டார். சில்வண்டு அகப்பட்டதுபோல ஒரு ரீங்காரம். சுவிஸிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தவர் மணிக்கட்டை அமத்திக்கொண்டு, "ஒரு நிமிசம்" என்று போனுடன் கிணற்றடிக்குப் போனார். பற்றரி இல்லாமல் சாவி கொடுத்து ஓடுகிற, ஆசைக்காரர்கள் தேடித் தேடி வாங்குகிற பழைய உயர்ரகம் அது என்று தரகர் பெருமையடித்தார். கிழமையும் திகதியும் மாதமும் தனித்தனிச் சாளரங்களில் தெரியுமாம்.

பெரியப்பாவுக்கு யாரையும் நம்ப வராது. எங்கள் ஊர் கண்டாவளைக்கு நெல் வாங்க வரும் லொறிக்காரரின் தராசில் முதலில் தானே ஏறி நின்று பார்ப்பார். "பயப்பிடாதேங்கோ, ஒண்டும் நடக்காது" என்று சொன்னவர்களை நம்பி இரண்டு தரம் வீட்டை இழந்த மனிதர். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வந்தவரின் கையை அவர் ஏற்கெனவே நன்றாகப் பார்த்திருந்தார். எங்கள் வீட்டில் மாலைத் தேநீர் வேளை. அந்த மணிக்கூட்டிலோ நடுமதியம்.

"திகதி சரி, நேரம் பிழை" என்று என் காதில் முணுமுணுத்தார். "திகதியைச் சரியா வைச்சிருக்கிறவன் நேரத்தை ஏன் மாத்தேல்லை?"

வந்தவர் கிணற்றடியிலிருந்து திரும்பியதும் பெரியப்பா நேரடியாகவே கேட்டார்.

"தம்பி, அது எந்த ஊர் நேரம்?"

"அங்கத்தைய நேரம் ஐயா. மகள் பள்ளிக்கூடத்தால சாப்பிட வாற நேரம். நான் கதைக்காட்டித் தேடுவா."

அம்மா தூணைப் பிடித்துக்கொண்டார். முதல் கலியாணம் முறிந்ததையும் பிள்ளை இருப்பதையும் தரகர் எங்களிடம் மறைத்திருந்தார். எங்களுக்குத் தெரியும் என்றே அந்த மனிதர் நினைத்திருந்தார். பெரியப்பா எழும்பிவிட்டார். அப்போதுதான் அக்கா குசினி வாசலில் வந்து நின்றார்.

"ஒளிக்க நினைச்சவரெண்டா மணிக்கூட்டை மாத்திப்போட்டெல்லோ வந்திருப்பார், பெரியப்பா."

கலியாணம் நடந்தது. அக்கா சுவிஸுக்குப் போனார். பெரியப்பா சாகும்வரை அத்தானை ஓரக்கண்ணால்தான் பார்த்தார். நாங்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம்.

போன கிழமை அத்தான் தனியாக வந்திறங்கினார். அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லையாம். மகள் வளர்ந்து வேலைக்குப் போகிறாளாம். போனில் அக்காவைக் கேட்டேன். "ஓம், லீவில்லை" என்றார். அதற்குமேல் கதை வளரவில்லை. அக்கா அப்படிச் சுருக்கமாகப் பேசுகிற ஆளில்லை.

அத்தானின் கையில் அதே மணிக்கூடு. எங்கள் சுவர் மணிக்கூட்டோடு அச்சொட்டாக ஒத்துப்போனது. "இப்பதான் அவர் எங்கட நேரத்துக்கு வந்திருக்கிறார்" என்று அம்மாவுக்கு ஒரே சந்தோசம். எனக்கோ அக்கா அன்று குசினி வாசலில் நின்று சொன்னது ஞாபகம் வந்தது. தேத்தண்ணீரை நீட்டிக்கொண்டு கேட்டேன்.

"அத்தான், அங்க இப்ப எத்தினை மணி?"

கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அங்கயோ?" என்றார். கணக்குப் பார்த்துச் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.