உடைக்காத பூசணிக்காய்

ஆயுதபூஜை நெருங்கினால் புதுவாயல் சாலையோரத்தில் வெள்ளைப் பூசணிக்காய்கள் குவிந்துவிடும். ஒன்றைக் கையில் எடுத்தாலே போதும், "உடைக்கறதுக்கா, சமைக்கறதுக்கா?" என்று கடைக்கார அம்மா கேட்பார். எனக்கு உடனே உலை மேஸ்திரியின் ஞாபகம் வந்துவிடும்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் கும்மிடிப்பூண்டியில் ஒரு செம்புக் கம்பித் தொழிற்சாலையில் எழுத்தராக இருந்தேன். பழைய செம்பை உருக்கித் தடிக் கம்பியாக்குவது மேஸ்திரியின் உலைப்பகுதி. அதை மெல்லிய ஒயராக இழுப்பது அடுத்த பகுதி. உலைக்குள் புதுச் செங்கல் கட்டி முதல் நெருப்பு வைக்கும் நாளில் அவர்தான் பூசணிக்காய் உடைப்பார். வேறு எதற்கும் உடைக்கமாட்டார். முதலாளியின் புதுக் காருக்கே மறுத்த மனிதர்.

அப்போதுதான் இலங்கையோடு தடையில்லா வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்திருந்தது. அங்கிருந்து வரும் செம்புக்குச் சுங்கவரி கிடையாது என்று அரசுக் காகிதத்தைப் படித்து மேஸ்திரியிடம் சொன்னவள் நான்.

"பக்கத்து ஊட்லேர்ந்து வர்றதுக்கு வரி இன்னாத்துக்கு? நமக்கு நல்லதுதானேம்மா?" என்றார்.

"நல்லதுதான் மேஸ்திரி," என்றேன், எல்லாம் தெரிந்தவள் மாதிரி.

செம்பு மலிந்தால் உலைக்கு ஓய்வே இருக்காது என்று இருவரும் நம்பினோம். முதல் லாரி வந்த அன்று, தன் வழக்கத்தை மீறி, அதன் எதிரில் சூடம் ஏற்றி அவரே பூசணிக்காய் உடைத்தார். தார்ப்பாயை அவிழ்த்தால் உள்ளே இருந்தது உருக்க வேண்டிய செம்பு அல்ல, உருக்கி முடித்த தடிக் கம்பி. அப்படியே ஒயர் இழுக்கலாம், உலையே வேண்டாம். காகிதத்தில் அதுவும் எழுதியிருந்தது. வரி இல்லை என்ற இடத்தோடு நான் படிப்பதை நிறுத்தியிருந்தேன். மேஸ்திரி கம்பியைத் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் பண்ணிக்கீறாங்க," என்றார்.

சில மாதங்களில் உலையை அணைத்துவிட்டார்கள். உலைப்பகுதி ஆட்கள் எல்லோருக்கும் வேலை போயிற்று. இறக்குமதிக் காகிதங்கள் பெருகியதால் என் நாற்காலி மட்டும் நிலைத்தது. கடைசி நாளில் மேஸ்திரி ஒரு பூசணிக்காயோடு என் மேஜைக்கு வந்தார்.

"அடுத்த தபா செங்கல் கட்டும்போது உடைக்கலாம்னு வாங்கி வெச்சிருந்தேம்மா. ஊட்டுக்கு எடுத்துக்கினு போய் கூட்டு வையிங்க."

என்மேல் ஒரு சொல் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. பொன்னேரி வரை ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். வெட்ட மனம் வரவில்லை. கட்டிலடியில் கிடந்தே அழுகிப்போயிற்று.

இந்த ஆண்டும் அந்த அம்மா கேட்டார். எனக்கு இரண்டுக்குமே இல்லை. காயைக் குவியலிலேயே வைத்துவிட்டு நடந்தேன்.