அம்மா வாயில் வந்த பெயர்

என் அம்மா ரத்தினம்மா பேசப் பயந்தவள் இல்லை. சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் மீன்காரரிடம் மலாயில் சண்டை போடுவாள். அவள் வேலை செய்த மிளகாய் மில்லில், பத்து நிமிடம் முன்னதாகவே மணி அடித்து வேலைக்குக் கூப்பிடும் மேலாளைப் பார்த்து, "கடிகாரம் ஓடுதா, நீ ஓட்டுறியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டவள். கெர்பாவ் ரோட்டில் எங்கள் மாடி அறைக்குக் கீழே இருந்த தையல்காரர், அவள் படியிறங்கும் சத்தம் கேட்டாலே ரேடியோவைக் குறைத்துவிடுவார்.

அப்படிப்பட்டவள் வாயில் வராத பெயர் ஒன்று இருந்தது. அப்பாவின் பெயர்.

அப்பா வடிவேலு, தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்குபவர். அவர் அம்மாவை நாளெல்லாம் "ரத்தினம், ரத்தினம்" என்று கூப்பிடுவார். அம்மா திரும்பக் கூப்பிட மாட்டாள். பெயர் சொன்னால் புருஷன் ஆயுள் குறையும் என்று கல்யாணத்தன்று யாரோ சொன்னது. அக்கம்பக்கத்தில் பல பெண்கள் அப்படித்தான் இருந்தார்கள். அம்மா இன்னும் ஒரு படி மேலே போனாள். தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு முழுக்க "வேல் வேல்" என்று முழங்கும்போது அவள் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு நடப்பாள். "அரோகரா" வரும்போதுதான் வாயைத் திறப்பாள், விட்டதற்கெல்லாம் சேர்த்து.

அதனால் அப்பா பெயரைச் சொல்வது என் வேலையானது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குடியுரிமைப் பதிவு, எங்கே போனாலும் என்னை முன்னால் தள்ளி, "சொல்லு புள்ள" என்பாள். ஒருமுறை நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவின் கூட்டத்தில் அப்பாவைத் தொலைத்துவிட்டோம். ஒலிபெருக்கி வைத்திருந்தவர் பெயர் கேட்டபோது என் வாய் முழுக்க ஐஸ் பந்து. அம்மா, "சந்திரா அப்பான்னு சொல்லுங்க" என்றாள். அவரும் அப்படியே அறிவித்தார். வேறு ஏதோ ஒரு சந்திராவின் அப்பா மூச்சிரைக்க ஓடி வந்து நின்றார்.

அறுபத்து மூன்றாம் வருடம் எச்.எஸ்.சி. முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தேன். முதல் விருப்பம் மருத்துவம், அடுத்தது விஞ்ஞானம். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்பதற்காக ஆர்ட்ஸ் என்று எழுதினேன். எங்கள் வீட்டில் யாரும் பத்தாவதைக்கூடத் தாண்டியதில்லை. விண்ணப்பம் போட்டபின் என்ன நடக்கும், கடிதம் எப்போது வரும், வராவிட்டால் யாரைக் கேட்பது, ஒன்றும் தெரியாது. காத்திருக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

அதற்குள் இன்னொன்று நடந்தது. துறைமுகத் தொழிலாளர் வீட்டு வரிசையை இடிக்கப்போகிறார்கள் என்று எங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். அங்கிருந்துதான் கெர்பாவ் ரோட்டுக்கு வந்தோம். முகவரி மாறியதைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டேன். பதில் இல்லை.

கிராஞ்சியில் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக வேலை கிடைத்தது. விடியும் முன்னே கிளம்ப வேண்டும். பஸ் தவறினால் கோழிப்பண்ணை லாரிதான். பகல் முழுக்கப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பேன். இந்நேரம் தபால்காரர் எங்கள் தெருவுக்கு வந்திருப்பார், இந்நேரம் படியடியில் சைக்கிளைச் சாய்த்திருப்பார் என்று மனம் அங்கேயே சுற்றும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதை ஒருநாள் ஐம்பத்து நான்கு என்று சொல்லிவிட்டேன். வகுப்பு முழுக்க அதையே மூன்று முறை கத்தியது. யாரும் திருத்தவில்லை. நானும் மாலையில் பஸ்ஸில்தான் உணர்ந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நான் அம்மா முகத்தைப் பார்ப்பேன். நான் கேட்பதற்குமுன் அவள் தலையை ஆட்டிவிடுவாள். சில நாள் அந்தத் தலையாட்டலின் மேலேயே எனக்குக் கோபம் வரும்.

டன்லப் ஸ்திரீட்டில் இருந்த என் தோழி சாயிரா பானுவுக்குக் கடிதம் வந்துவிட்டது. விஞ்ஞானம். ஒரு வியாழக்கிழமை மாலை அவள் எங்கள் அறைக்கு வந்தாள்.

"உனக்கு இன்னும் வரலையா?"

"வந்தா சொல்ல மாட்டேனா?"

"கோவிச்சுக்காதே லா. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் கொடுக்கலேன்னா இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்களாம். அதான் கேட்டேன்."

"எந்த வெள்ளிக்கிழமை?"

"நாளைக்கு."

அம்மா அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை. நான் சாயிராவிடம், எனக்கு இடம் இல்லை, இருந்திருந்தால் கடிதம் வந்திருக்கும் என்றேன். சொல்லும்போது நம்பவில்லை. படுத்தபின் நம்பினேன். காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டேன். லீவு கேட்டால் வேலை போய்விடும். இருக்கிற ஒன்றையும் விட மனம் வரவில்லை.

வெள்ளி மாலை நான் திரும்பியபோது அம்மா அறையில் இல்லை. கீழே, ஐந்தடி நடைபாதையில், தையல்காரர் கடையோரம் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மில்லுக்குக் கட்டிப்போகும் சேலை இல்லை, தீபாவளிச் சேலை.

"உனக்கு இடம் கெடச்சிருக்கு" என்றாள். கண் தெருவில்தான் இருந்தது. "நாளைக்குப் பன்னெண்டுக்குள்ள நீயே போயி கையெழுத்துப் போடணுமாம். இன்னிக்கே போடணும், பெரிய மனசு பண்ணி ஒரு நாள் விட்டிருக்காங்க."

"நீ போனியா? பல்கலைக்கழகத்துக்கா?"

"பச்சை பஸ்ஸுல ஏறுனேன். புக்கிட் தீமா ரோடு நேரா போவுது. எறங்கி கேட்டுக்கிட்டே போனேன். என்ன பெரிய அதிசயம்?"

"பேர் கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க. சொன்னேன்."

என் பெயரைச் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். "என்ன பாடம்?"

"ஆர்ட்ஸாம்."

நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். வேண்டாம் என்றேன். அடுத்த வருடம் மறுபடி போட்டு மருத்துவத்துக்கே முயலலாம், அதுவரை கிராஞ்சியிலேயே இருக்கிறேன் என்றேன். அம்மாவுக்கு மருத்துவத்துக்கும் ஆர்ட்ஸுக்கும் வித்தியாசம் தெரியாது என்று அப்போது நினைத்தேன். அவள் ஒன்றும் வாதாடவில்லை. அதுவே எனக்குப் புதிதாக இருந்தது.

"வேணாம்னா அதையும் நேருல போயி சொல்லிட்டு வா" என்று மட்டும் சொன்னாள்.

அப்பா தெருமுனையில் தெரிந்தார். அம்மா அவரை உச்சியிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு, மேலே போய், குழாயடியில் வாய் கொப்பளித்தாள். திரும்பத் திரும்பக் கொப்பளித்தாள். அப்பா என்னிடம், "என்ன புள்ள, அம்மாவுக்குப் பல்வலியா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். பதிவு அலுவலகக் கூடத்தில் காக்கிச் சட்டை போட்ட பியூன் ஒருவர் கோப்புகளைச் சுமந்துகொண்டு போனார். நான் பெயரைச் சொல்லி, எங்கே போக வேண்டும் என்று கேட்டதும் நின்றுவிட்டார்.

"சந்திரமதியா? வடிவேலு மகளா நீ?" என்று சிரித்தார். "நான் நாகூர் கனி. உங்கம்மாவை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்மா."

கவுண்டரில் வரிசை இருந்தது. அவர் கோப்புகளை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்.

அம்மா முதலில் என் பெயரைத்தான் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெயரில் கோப்பு இல்லை. அங்கே எல்லாம் அப்பா பெயரை வைத்துத்தான் அடுக்கியிருந்தார்கள். கவுண்டரில் இருந்த சீனப் பெண் மலாயில் தகப்பன் பெயரைக் கேட்டிருக்கிறாள். அம்மா பதில் சொல்லவில்லை. காது கேட்கவில்லையோ என்று அந்தப் பெண் நாகூர் கனியைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"நான் கேட்டா, 'பாய், முருகன் கையில இருக்குமே, அது'ங்குது உங்கம்மா. எனக்குப் புரிஞ்சுபோச்சு. எங்க வீட்டுலயும் என்னை 'இவுங்களே'ன்னுதான் கூப்பிடுவாங்க. சரின்னு நானும் ஒவ்வொண்ணா கேட்டேன். தண்டபாணியா? இல்லைங்குது. வேலாயுதமா? 'பாதி வந்துட்டீங்க'ங்குது. வேலுச்சாமியா? 'சாமியை விடுங்க, முன்னாடி ஒண்ணு வரணும்'. சக்திவேலா? 'ஆம்பளை பேரைக் கேட்டா ஏன் பாய் அம்மனைக் கூப்பிடுறீங்க'ன்னு என்னையே ஏசுது!"

வரிசையில் நின்ற இரண்டு பையன்கள் சிரித்திருக்கிறார்கள். கவுண்டர்ப் பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது. பெயர் தெரிந்த ஆளைத் திங்கட்கிழமை அனுப்பச் சொல்லிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டாள். திங்கள் என்றால் இடம் இருக்குமா என்று அம்மா கேட்டாள். இருக்காது என்றார் நாகூர் கனி.

"அப்பதாம்மா சொன்னுச்சு. 'வடிவேலு'ன்னு. முந்தானையைத் தலைக்கு மேல இழுத்து விட்டுக்கிட்டுச் சொன்னுச்சு. எனக்கே கேக்கல. அந்தப் பொண்ணு 'ஹா?'ங்குது. மறுபடி சொன்னுச்சு. அந்தப் பொண்ணு 'வி' அடுக்குல பாத்துட்டு இல்லைன்னுடுச்சு. பழனிவேலுவான்னு கேக்குது. உங்கம்மா இல்லைன்னு மறுபடி சொல்லுது. எழுத்துக்கூட்டிச் சொல்லுன்னா அதுக்கு எங்க தெரியும்? கடைசியில கோவம் வந்துடுச்சு லா. 'வடிவேலு, வடிவேலு'ன்னு ஒரு சத்தம். கூடம் முழுக்கத் திரும்பிப் பாக்குது. எனக்கு அப்பதான் பொறி தட்டுச்சு, பழைய சூராவுல நம்ம ஆளுங்க பேரை டபிள்யூ போட்டுல்ல எழுதி வச்சிருப்பான்னு. அந்த அடுக்கைப் பாருன்னேன். மூணாவதா இருந்துச்சு."

'சூரா' என்று அவர் சொன்னது பிறப்புப் பத்திரம். என்னுடையதில் அப்பா பெயர் டபிள்யூவில்தான் தொடங்குகிறது. பத்திரத்தில் உள்ளபடிதான் எழுத வேண்டும் என்பதால் விண்ணப்பத்தில் அப்படியே எழுதினேன். முகவரி மாற்றக் கடிதத்தில் பள்ளிக்கூடப் பழக்கத்தில் 'வி' போட்டிருக்கிறேன். அது எந்தக் கோப்பிலும் சேரவில்லை. அவர்கள் கடிதம் இடிபட்ட வீட்டுக்குப் போயிருந்தது.

"வெளியே போயி பெஞ்சுல உக்காந்துச்சு. தண்ணி கொடுத்தேன், வேணாம்னுடுச்சு. 'பாய், துறைமுகத்துல கிரேன் வேலை எத்தனை மணிக்கு முடியும்'னு கேட்டுச்சு. எனக்கெப்படித் தெரியும்?"

என் முறை வந்தது. சீனப் பெண் தாளை நகர்த்தினாள். ஏற்கிறேன், மறுக்கிறேன் என்று இரண்டு கட்டம். மறுத்தால் அடுத்த வருடம் நிச்சயமாகக் கிடைக்குமா என்று கேட்டேன். எதுவும் நிச்சயமில்லை என்றாள். பஸ்ஸில் வரும்போது எனக்கு அதற்கெல்லாம் தயாரான பதில்கள் இருந்தன. முதல் கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். அம்மா அந்தப் பெயரைச் சொல்லாமல் கோப்பு கிடைத்திருந்தால் நான் மறுத்திருப்பேனா? மறுத்திருந்தால் டாக்டராகியிருப்பேனா, அல்லது இன்னும் கிராஞ்சியில் தப்பான வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பேனா? அந்தக் கையெழுத்து ஆசையா, கடனா, பயமா? ஆர்ட்ஸில் நான் எடுத்த பொருளாதாரம் எனக்குப் பிடித்ததா, பிடித்ததாக்கிக்கொண்டேனா? மூன்று வருடம் படித்தும் தெரியவில்லை. படிப்பு பிடிச்சிருக்கா என்று அம்மா கேட்கும்போதெல்லாம் பிடித்திருக்கிறது என்றேன். முதலில் பொய்யாக இருந்தது. பிறகு பொய்யா என்று தெரியாமல் போனது.

என் காத்திருப்பு அன்றோடு முடிந்தது. அம்மாவுக்கு அன்றுதான் தொடங்கியது. தினமும் மாலையில் நடைபாதைக்கு இறங்கி நிற்பாள். ஓவர்டைம் நாட்களில் சாப்பிடாமல் நிற்பாள். அப்பா வந்ததும், தலை, கை, கால் எல்லாம் இருக்கிறதா என்பதுபோல் ஒரு பார்வை. பிறகு ஒன்றும் நடக்காதவள்போல் மேலே போவாள்.

"என்ன ரத்தினம், கப்பலேறி ஓடிடுவேன்னு பயமா?" என்பார் அப்பா.

"ஓடுனா நிம்மதி" என்பாள்.

அவள் அப்பாவிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று நானும் காட்டிக்கொள்ளவில்லை. இந்த நம்பிக்கையெல்லாம் எனக்கு இல்லை. ஆனால் இரண்டாம் வருடத்தில் ஒருநாள் கிரேன் கொக்கி விலகிப் பக்கத்துக் கும்பலில் ஒருவருக்குக் கால் முறிந்தது என்று செய்தி வந்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு நானும் கீழே இறங்கி அம்மா பக்கத்தில் நின்றேன். அப்பா அன்று தாமதமாக வந்தார், வெற்றிலை மென்றுகொண்டு. இருவரும் ஏன் நிற்கிறோம் என்று அவருக்குப் புரியவில்லை.

பட்டமளிப்பு விழாவுக்கு இருவரையும் அழைத்துப்போனேன். மேடையில் பெயர் வாசித்தவர் என் பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்து, 'வாடி வேலூ' என்று நீட்டி வாசித்தார்.

விழா முடிந்து பஸ்ஸுக்கு நடந்தோம். அம்மா சாயிராவின் அம்மாவோடு ஒரே குடைக்குள் முன்னால் போனாள். அப்பா என்னோடு வந்தார். இரவல் கோட்டு அவருக்குத் தோளில் இறுக்கமாக இருந்தது.

"வாடி போடின்னு கூப்பிடுறான்" என்று சிரித்தார். "என் பேரை இவ்வளவு பெரிய கூட்டத்துல யாரும் கூப்பிட்டதில்ல, அதையும் கடிச்சுத் துப்பிட்டான்."

"இதுக்கு முன்னாடியும் கூப்பிட்டிருக்காங்கப்பா" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. நாகூர் கனி சொன்னதை எல்லாம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். நடப்பதை நிறுத்திவிட்டார்.

"எப்படிச் சொன்னா?"

"நாலஞ்சு தடவையாம்ப்பா. கடைசியில சத்தமா..."

"எத்தனை தடவைன்னு கேக்கல புள்ள. எப்படிச் சொன்னா?"

எனக்குத் தெரியாது. நான் அன்று கிராஞ்சியில் இருந்தேன். அதைத்தான் சொன்னேன். அம்மாவையே கேட்கலாமே என்றதற்கு, அவ செத்தாலும் சொல்ல மாட்டா என்பதுபோல் கையை அசைத்தார். குடை தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார்.

பிறகு நாங்கள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த பாய் இன்னும் அங்கதான் வேலை பாக்குறாரா?"