அக்கா அளவு

எங்கள் பெரியப்பாவின் மூத்த மகளான அக்கா, இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றி வந்தவர். காலையில் எந்திரத்தை இயக்கியதும் தம் ரத்தத்தைத்தான் முதலில் கொடுப்பார். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தை ஒட்டி வந்தால் எந்திரம் சரியாக இருக்கிறதென்று பொருள். மற்றவர்களுக்கு ஒன்றரை லட்சத்துக்குக் குறையலாகாது. பதிவேட்டில் ‘அக்கா அளவு’ என்றே தனிக்கட்டம் இருந்தது. அதை யாரும் ஐயுறவில்லை, அவர் உட்பட.

லாரி ஓட்டுநரான அவருடைய தம்பி ரத்தப் புற்றுநோயில் படுத்தான். எலும்பு மஜ்ஜை பொருந்தியது அக்காவுக்கு மட்டுமே. தட்டணு குறைவாக இருக்கிறதே என்று கேட்ட மருத்துவரிடமும், தமக்கு எப்போதும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டார். அக்காவின் மஜ்ஜையை ஏற்றுவதற்காக, மூன்று நாளில் தம்பியின் மஜ்ஜையை மருந்தால் அழிக்கத் தொடங்குவார்கள். தொடங்கிவிட்டால் திரும்ப வழியில்லை.

குடும்ப நோய்களைக் கேட்டிருந்த மருத்துவமனைப் படிவத்துக்காக, எங்கள் குடும்பக் கதைகளை நான் எழுதிவைத்திருந்த குறிப்பேட்டின் பக்கங்களை அக்காவுக்கு அனுப்பினேன். பெரியப்பா: ஓயாத மூக்கு ரத்தம், நாற்பத்தொரு வயதில் ரத்தம் கெட்டு மரணம். அத்தை: பல் பிடுங்கியபின் மூன்று நாள் ரத்தம் நிற்கவில்லை.

அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

“இதெல்லாம் நெஜமா நடந்ததா, பேச்சுவாக்குல எழுதினதா?”

“கூட இருந்து பாத்தவங்களக் கேட்டு எழுதினதுக்கா.”

“அப்ப எனக்குத் தட்டணு குறைவா இருக்கறதும் இதோட சேத்திதான்.”

மருத்துவரிடம் சொல்லப்போகிறேன் என்று அக்கா சொன்னதும் பெரியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “வாய மூடிக்கிட்டு இரு. உன்ன விட்டா அவனுக்கு வேற யாருடி இருக்கா?”

“கெட்டதுன்னு தெரிஞ்சே குடுக்கறதுக்கு நான் எதுக்கும்மா அக்கா?”

சோதனையில் தெரிந்தது: ரத்த அணுக்கள் எப்போது வளர வேண்டும், எதுவாக முதிர வேண்டும் என்று ஆணையிடும் மரபணு ஒன்றில், அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே பழுது. அவர் மஜ்ஜையைக் கொடுத்திருந்தால் அதே நோய் அதனுள்ளிருந்தே மீண்டும் கிளம்பியிருக்கலாம்.

வெளியாள் ஒருவரைத் தேடத் தொடங்கினார்கள். தம்பிக்கு நாளுக்கு நாள் காய்ச்சல் ஏறியது. பெரியம்மா மகளிடம் பேசுவதை நிறுத்தினார். தம்பி மட்டும் சீண்டினான்: “ஊர்ல உள்ளவன் ரத்தத்தையெல்லாம் பாத்த, வீட்டு ரத்தத்தக் கோட்ட விட்டுட்டியே.”

“இப்பப் புடிச்சிட்டேன்ல. பேசாம படு.”

ஏழாம் வாரம், முன்பின் அறியாத ஒருவரின் மஜ்ஜை பொருந்தியது. தம்பி பிழைத்தான்.

வேலைக்குத் திரும்பிய காலையில் அக்கா பதிவேட்டின் தனிக்கட்டத்தைக் கோடிட்டு அடித்தார். பிறகு தம் விரலைக் குத்தி, அன்றைய நோயாளிகளின் வரிசையில் முதற்பெயராகத் தம் பெயரை எழுதினார்.