தங்கச்சி வயலுக்கு நான் போடியார்

எங்கள் மட்டக்களப்பில் ஆம்பிளைக்கென்று ஒரு சாண் நிலம் கிடையாது. பிறப்பது தாயின் வீட்டில். கல்யாணம் முடித்தால் போய் இருப்பது மனைவியின் வீட்டில். வீடும் வயலும் பெண்பிள்ளைகளுக்குச் சீதனம். நானும் தன்னாமுனையில் மனைவியின் கூரைக்குக் கீழே, வாயைப் பொத்திக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தேன். அரசாங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் அப்பாவுக்கு அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்த வயல் இருந்தது. அதைத் தங்கச்சிக்குச் சீதனமாகக் கொடுத்ததை ஊரே பார்த்தது. அன்று முதல் அதில் இறங்கிப் பாடுபடுகிறவள் அவள்தான். அம்மாவுக்குப் பின் அப்பாவும் கண்ணை மூடியதும் காணிக் கந்தோருக்குப் போனோம். பெர்மிட் காணியைச் சீதனம் கொடுக்க முடியாதாம்; அப்பா வாரிசு எழுதாததால் மூத்த பிள்ளைக்குத்தானாம். மூத்தது நான். அட்டை கடிக்கும் என்று வரம்பில்கூடக் கால் வைக்காதவன். எனக்கு வேண்டாம் என்றேன். அப்படியென்றால் அடுத்தவருக்குப் போகும் என்றார் அதிகாரி. அடுத்தவன் என் தம்பி; சுவிஸில் பனி அள்ளிக்கொண்டிருக்கிறான்.

தங்கச்சி சிரித்தாள். “உங்கட பேர்ல கிடந்தா என்ன அண்ணன்? வயலுக்கு வாசிக்கவா தெரியும்?”

அப்படித்தான் நான் வெள்ளாமைக்காரன் ஆனேன். விதைப்புக்கு முந்திய கூட்டத்தில் காணிக்காரருக்குப் போட்ட கதிரையில் நான். பின்னால் நின்றது தங்கச்சி. தண்ணீர் எப்போது திறக்க வேண்டும் என்று அவள் என் காதில் சொல்ல, நான் எழும்பி அந்த வட்டையில் வயல் செய்கிற எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். கைதட்டினார்கள். பெரிய காணிக்காரரைப் போடியார் என்பது எங்கள் வழக்கம்; அன்றிலிருந்து ஊருக்கு நான் புதுப் போடியார். வெட்கக்கேடு. ஆனாலும் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தேன்.

வீட்டிலும் முதலில் பகிடிதான். பிறகு, பெர்மிட் காணிகளுக்கு விற்கக்கூடிய முழு உறுதிப் பத்திரம் தரப்போகிறார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். தேத்தண்ணி ஊற்றும்போது மனைவி, வயல் எத்தனை ஏக்கர் என்று கேட்டாள். இன்னொரு நாள், எங்கள் மகளும் வளர்ந்து வருகிறாளே என்றாள். சீதனம் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லாத வயல், எங்கள் குசினிக்குள் மறுபடி சீதனமாகிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அதை யாரிடமும் காட்டவில்லை.

போன அறுவடை முடிந்து தங்கச்சி வந்தாள். எப்போதும் நேரே உள்ளே போகிறவள், அன்று படலையிலேயே நின்றாள். கையில் ஒரு பை புது அரிசி.

“அண்ணன், அடுத்த போகமும் நானே செய்யட்டா?”

அவளுடைய வயலை அவள் என்னிடம் கேட்கிறாள். இதென்ன கேள்வி என்று வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது, மரியாதையாகத்தான்.

“யோசிச்சுச் சொல்லுறம் மச்சாள்.”

தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள். நான் அரிசியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.