செத்தவர் சாப்பிட வந்த படம்

பிலிப்பு கோட்டில் இருபத்தெட்டு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சாட்சி தமிழில் சொல்வதை நீதவானுக்கு இங்கிலீசிலும், நீதவான் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழிலும் சொல்லவேண்டும். அந்த உத்தியோகத்துக்கு முதலியார் என்று பேர். பென்சன் எடுத்த பிறகும் ஊர் அவரை அப்படியேதான் கூப்பிட்டது. சாட்சி இருமினால் இவரும் இருமிக்காட்டுவார் என்று வழக்குப் பேசும் அப்புக்காத்துமார் பகிடி பண்ணுவார்கள். அவ்வளவுக்கு, தன் சொல் ஒன்றைக்கூட நடுவில் நுழைக்காத மனிதர்.

அறுபத்து மூன்றாம் ஆண்டு ஈஸ்டர் லீவுக்கு மருமகன் றோய் கொழும்பிலிருந்து வந்தபோது, தான் வேலை செய்யும் கந்தோரில் இரவல் வாங்கிய படமோட்டும் மெசின் ஒன்றையும், நாலு தகரப் பெட்டிகளில் ஒரு இங்கிலீசுப் படத்தையும் கொண்டுவந்தான்.

"துப்பறியிற படம் மாமா. நூறு வருசத்துக்கு முந்தின லண்டனில நடக்கிற கதை. நீங்க இரிக்கிறீங்கதானே, எல்லாருக்கும் தமிழில சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஜன்னல்களைப் போர்வையால் மூடி, சுவரில் வெள்ளைத் துப்பட்டி கட்டினார்கள். பிலிப்புவின் மனைவி பீற்றிஸ், பெரியகல்லாற்றிலிருந்து வந்திருந்த அவள் தங்கை திரேசம்மா, அக்கம்பக்கத்தார் பத்துப் பேர். தயிர்ச்சட்டியோடு உன்னிச்சையிலிருந்து வந்த கந்தப்போடியும் முன்னால் பாயில் குந்திக்கொண்டார். அவருடைய காணி வழக்கில் மொழிபெயர்த்தவர் பிலிப்புத்தான்.

முதல் றீலில் குதிரை வண்டிகளும் மூடுபனியும் வந்தன. ஒரு பணக்காரக் கிழவரைக் கொல்லப்போவதாக யாரோ கடிதம் எழுதியிருக்கிறார்கள். குடையும் தாடியுமாக ஒரு துப்பறிவாளர் வருகிறார். இதுவரை பிலிப்பு சமாளித்தார். ஆனால் அந்த ஆட்கள் பேசிய இங்கிலீசு கோட்டில் பேசிய இங்கிலீசு அல்ல. பாதியை மூக்கால் பேசினார்கள், மீதியை விழுங்கினார்கள். பத்துச் சொல்லில் மூன்று பிடிபட்டது.

அடுத்த றீல் தொடங்கியதும் கிழவர் நெஞ்சில் கத்தியோடு கிடந்தார். அடக்கமும் நடந்தது.

"ஆர் குத்தின?" என்றாள் திரேசம்மா.

"அதைத்தான் விசாரிக்கிறாங்க."

மூன்றாவது றீல் ஓடியது. கிழவர் மேசையில் இருந்து இறைச்சி வெட்டித் தின்றுகொண்டிருந்தார்.

"என்னகா இது!" திரேசம்மா எழும்பியேவிட்டாள். "செத்த மனிசன் தின்னுறான்!"

எல்லாரும் பிலிப்புவைத் திரும்பிப் பார்த்தார்கள். கிழவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். ஒரு சொல்லும் பிலிப்புவின் காதில் ஏறவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"அது தம்பி. ரெட்டைப் புள்ளைகள்."

"ஆ, அப்பிடியா," என்று கந்தப்போடி தலையை ஆட்டினார். "முதலியார் சொன்னாச் சரி."

பிறகு நிறுத்த முடியவில்லை. தம்பி சொத்துக் கேட்கிறான் என்றார். அண்ணனை நினைத்து அழுகிறான் என்றார். றீல் முடிவில் அவனும் கத்தியோடு கிடந்தபோது, தம்பியையும் முடித்துவிட்டார்கள் என்றார். கடைசி றீலில் துப்பறிவாளர் எல்லாரையும் இருத்திவைத்துக் கால்மணி நேரம் பேசினார். பொலிஸ் வந்து கிழவரின் குடும்ப டொக்டரைக் கொண்டுபோனது. ஏன் என்று பிலிப்புவுக்கு மருந்துக்கும் விளங்கவில்லை. "சொத்துக்காக," என்று முடித்தார்.

போர்வைகளை அவிழ்த்தார்கள், தேத்தண்ணி வந்தது. படத்தைச் சுற்றிக்கொண்டிருந்த றோய் பெட்டி மூடியைப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"மாமா, மூண்டாம் றீலை ரெண்டாவதாப் போட்டுட்டன். முதல் சாப்பாடு, மறுகாத்தான் சாவு."

கந்தப்போடி கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப தம்பிக்காரன்?"

"தம்பி எண்டு ஒருத்தன் இல்ல," என்றார் பிலிப்பு.

"அப்ப முதலியார், நீங்க ஆர்ர பேச்ச எங்களுக்குச் சொன்னீங்க?"

பகிடியாகத்தான் கேட்டார், சிரித்துக்கொண்டுதான் பஸ்ஸுக்குப் போனார். ஆனால் பிலிப்புவுக்கு அது உள்ளே முள்ளாகத் தைத்தது. றோய் மறுநாள் படத்தைச் சரியான வரிசையில் ஓட்டிக்காட்டினான். அப்போதும் டொக்டர் ஏன் கொன்றான் என்பது பிடிபடவில்லை. இருபத்தெட்டு வருடம் இங்கிலீசு தெரியும் என்று நினைத்திருந்தோமே, தெரிந்ததுதானா? சாட்சிகள் மளமளவென்று பேசிய நாட்களிலும் இப்படி எதையாவது இட்டு நிரப்பியிருப்போமோ? நினைத்துப் பார்த்தார். இல்லை என்று ஒரு நேரம் தோன்றியது. மறு நேரம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

வியாழக்கிழமை உன்னிச்சைக்குப் பஸ் ஏறினார். கந்தப்போடி குளக்கட்டில் மாடு கழுவிக்கொண்டு நின்றார்.

"போடியார், உங்கட வழக்கில நான் ஒரு சொல்லும் கூட்டிச் சொன்னதாத் தெரியல்ல. எண்டாலும் சத்தியம் பண்ணிச் சொல்ல இப்ப ஏலாம இரிக்கி."

கந்தப்போடி நிமிர்ந்தார்.

"அந்த வழக்கில நான் வெண்டவன் முதலியார். இதுக்கா வெயிலுக்குள்ள வந்தீங்க?" மாட்டின் முதுகில் ஒரு கை தண்ணீர் அள்ளி ஊற்றினார். "அது கிடக்கட்டும். அந்த டொக்டர் ஏன் குத்தினவன்?"

"எனக்கும் தெரியா," என்றார் பிலிப்பு.

கந்தப்போடிக்கு அது ஏமாற்றமாக இருந்தது. "ரெட்டைப் புள்ளைக் கதைதான் நல்லம்," என்றார். "ஊரில எல்லாருக்கும் அதத்தான் சொல்லிப்போட்டன்."