பொய்யாக எடுத்த பால்குடம்

மூன்று வருடங்களுக்கு முன் நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் நான் பால்குடம் எடுத்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினீர்கள். "கப்பல்ல தீப்பிடிச்சும் ஆத்தா உம் புள்ளைய முழுசா அனுப்பிட்டா" என்று என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். அந்தப் பால்குடம் பொய். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திருவிழா மலருக்கு அனுபவம் எழுதித் தரும்படி கோயில் கமிட்டியில் கேட்டபோது, எனக்கு அந்தத் தகுதி இல்லை என்று இரண்டு முறை தட்டிக் கழித்தேன். மூன்றாவது முறை கேட்டபோது, ஓடி ஒளிந்தது போதும் என்று பேனாவை எடுத்தேன். எழுதும்போதே கை கூசுகிறது.

என் பெயர் மாணிக்கம். தோட்டத்தில் ஆட்களின் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கோவிந்தனின் மூத்த மகன். கடற்படையில் சேர்ந்து, போர்க்கப்பலில் இஞ்சின் வேலை பார்த்தேன். "என் மவன் டிஸ்டிராயர்ல இருக்கான்" என்று அப்பா கோலா சிலாங்கூர் கடைத்தெரு வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். அது டிஸ்டிராயர் இல்லை, அதைவிடச் சின்னது, ஃபிரிகேட் என்று திருத்திப் பார்த்தேன். "பீரங்கி இருக்குல்ல? அப்ப டிஸ்டிராயர்தான், சும்மா இருலா" என்று விட்டார். அப்பா என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது கேட்க எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

கப்பலில் எனக்கு எல்லாமே குணா அண்ணன். குணசேகரன், ராசா ஊர்க்காரர். என்னைவிட நான்கு வயது மூத்தவர், பதவியில் ஒரு படி மேலே. இஞ்சின் சத்தத்தில் பேச முடியாது, கைச் சைகைதான். அந்தச் சைகைகளை எல்லாம் அவர்தான் எனக்குச் சொல்லித் தந்தார். வேலையில் ஒரு ஸ்குரூ குறைந்தாலும் விடமாட்டார். "எண்ணி எடு, எண்ணி வை" என்று நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி என்று நாங்கள் அவரைக் கிண்டல் செய்வோம்.

நான் சொல்ல வந்த வருடம், எண்பத்து நான்கில் திருவிழா முடிந்து நான் கப்பலுக்குத் திரும்பியதில் தொடங்குகிறது. முதல் நான்கைந்து மாதம் ரோந்து. வாரக்கணக்கில் கரையைப் பார்க்க மாட்டோம். இஞ்சின் ரூமில் வெயில் கிடையாது, மழை கிடையாது, சூடு மட்டும்தான். நான்கு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு மேலே வந்தால் சட்டையைப் பிழியலாம். உப்புக்காற்று இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். நாங்கள் துருவைச் சுரண்டிச் சாயம் அடித்துக்கொண்டே இருப்போம். முன்பக்கம் அடித்து முடிப்பதற்குள் பின்பக்கம் பழுப்பேறிவிடும்.

அதற்குப் பிறகு கப்பலை லுமுட் கடற்படைத் தளத்தில் கட்டிப் பராமரிப்பு வேலை. பம்பு, வால்வு, குழாய் என்று ஒவ்வொன்றையும் பிரித்துத் துடைத்து மாட்ட வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை உண்டு. என்ன செய்ய வேண்டும், எந்தச் சாமானைப் புதிதாக மாற்ற வேண்டும் என்று அதில் இருக்கும். வேலை முடிந்ததும் பதவியில் மூத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். கடலில் அந்த அட்டையை நம்பித்தான் நூற்றைம்பது பேர் சாப்பிடுவதும் தூங்குவதும்.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. சனிக்கிழமை. ஜெனரேட்டருக்கு டீசல் போகும் எட்டுக் குழாய்களைக் கழற்றி மாட்டும் வேலை எனக்கும் குணா அண்ணனுக்கும் வந்தது. ஒவ்வொரு குழாயின் மூட்டிலும் ஒரு செப்பு வாஷர் இருக்கும். ஒருமுறை இறுக்கிய வாஷர் நசுங்கிவிடும், அதை மறுபடி போடக் கூடாது. ஸ்டோரிலிருந்து எட்டுப் புது வாஷர்கள் வாங்கி வந்தோம். கழற்றிய பழைய எட்டையும் ஒரு கம்பியில் கோத்துக் காட்ட வேண்டும். அது குணா அண்ணன் வைத்த வழக்கம். அட்டையில் இல்லாதது.

எனக்கு ஒரு மணிக்கு பஸ். இரண்டு பேரும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி வேலை செய்தோம். நடுவில் ஒரு குழாயை நான் மாட்டும்போது புது வாஷர் கை நழுவிக் கீழே விழுந்தது. அடியில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து நிற்கும் பள்ளம், விழுந்தது கிடைக்காது. ஸ்டோர் பன்னிரண்டுக்கே மூடிவிட்டார்கள். திறக்கச் சொல்ல வேண்டுமானால் அதிகாரியிடம் போக வேண்டும். போனால் பஸ் போய்விடும்.

பழைய வாஷர் ஒன்றைத் துணியால் துடைத்துப் போட்டு இறுக்கினேன். கம்பியில் ஒன்று குறையுமே என்று டூல் பாக்ஸின் மூலையில் கிடந்த வேறொரு நசுங்கிய வாஷரை எடுத்துக் கோத்தேன். இதை அவசரத்தில் செய்த தவறு என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணக்குச் சரிக்கட்ட யோசித்தவனுக்கு அவசரம் எங்கே இருந்தது?

குணா அண்ணன் கம்பியை வாங்கி விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். எட்டு. "நீ கெளம்பு, அம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க. நான் கையெழுத்துப் போட்டுக்கிறேன்" என்றார். அவருக்கு அந்தத் தீபாவளிக்கு லீவு இல்லை.

பொங்கல் கழிந்து கிழக்குக் கரைப் பக்கம் போயிருந்தோம். பருவக்காற்றுக் கடல், கப்பல் ஆடிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் நான்கு மணி. நான் காப்பிக் கோப்பையைக் கையில் எடுத்தேன், தீ மணி அடித்தது. ஜெனரேட்டர் ரூம். அங்கே வேலையில் இருந்தவர் குணா அண்ணன்.

நாங்கள் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு இறங்கியபோது அவர் தீக்குப் பக்கத்தில் நின்று டீசல் வால்வின் சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். கையுறை மாட்ட நேரமில்லை. பழுக்கக் காய்ந்த இரும்பு, வெறுங்கை. வால்வு மூடியதும் தீ அடங்கியது. கையை எடுத்தபோது உள்ளங்கைத் தோல் சக்கரத்திலேயே ஒட்டிக்கொண்டது.

டீசல் எந்தக் குழாயிலிருந்து பீச்சியது என்று பார்த்தேன். நடுக்குழாய். நான் மாட்டியது.

அன்பான பக்தர்களே, அந்த நிமிடம் நான் மாரியம்மாவைக் கூப்பிட்டேன். குணா அண்ணனின் கைக்காகக் கூப்பிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. "தாயே, இது என் தலையில விழாம பாத்துக்க. பால்குடம் எடுக்கிறேன்" என்று வேண்டினேன். பக்கத்தில் ஒரு மனிதர் வலியில் முனகிக்கொண்டிருக்கும்போது என் வாய் வேண்டியது இதைத்தான். இன்றைக்கும் விபூதி பூசும்போது இது ஞாபகத்துக்கு வந்தால் தலை குனிந்துவிடும்.

விசாரணை நடந்தது. வாஷரில் இரண்டு முறை இறுக்கிய தடம் இருந்தது, பழையது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். இந்தக் குழாயை மாட்டியது யார் என்று எங்கள் இருவரையும் கேட்டார்கள். ஞாபகம் இல்லை என்றேன். குணா அண்ணன் இரண்டு கையிலும் கட்டோடு நின்றார். "மாறி மாறி செஞ்சோம், எனக்கும் ஞாபகம் இல்ல. ஆனா கையெழுத்து என்னோடது" என்றார். அவரைப் பதவியில் ஒரு படி இறக்கினார்கள். மேல்பயிற்சிக்கு இருந்த அவர் பெயரை எடுத்தார்கள். கப்பலிலிருந்து இறக்கிக் கரையில் ஸ்டோர் வேலை கொடுத்தார்கள்.

அதைவிட மோசமான ஒன்று நடந்தது. தவறு தன்னுடையதுதான் என்று அவரே நம்பத் தொடங்கிவிட்டார். "எண்ணினேனே மாணிக்கம், எட்டு இருந்துச்சே. அப்புறம் எப்படி? நானே புதுசுன்னு நெனச்சு பழசை மாட்டிட்டேனா?" என்று என்னிடமே கேட்பார். சின்னப் பெட்டியைப் பூட்டினால்கூடத் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பார். நான் "விடுங்கண்ணே" என்பேன். எவ்வளவு சுலபமான வார்த்தை!

என் வேண்டுதல் பலித்துவிட்டது. அடுத்த திருவிழா வந்தது. தீ விஷயம் கேட்டு அம்மா ஏற்கெனவே அழுது தீர்த்திருந்தார். பால்குடம் என்றதும் தோட்டத்து வீட்டு வரிசை, லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். காயம்பட்ட நண்பரையும் கூட்டி வரச் சொல்லிக் கடிதம் போட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. குணா அண்ணன் வந்தார். நான் குடத்தைச் சுமந்து நடந்தபோது, வெயில் என் முகத்தில் படாமல் துண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தார். மடங்காத விரல்களால் பிடித்துக்கொண்டு.

நம் பூசாரி முத்தையா அண்ணனைத் தெரியாதவர்கள் இல்லை. தோட்டத்து லோரி ஓட்டி ஓட்டிக் காது மந்தம். குடத்தை வாங்கும் முன் வேண்டுதல் என்ன என்று கேட்பார், நாம் கத்திச் சொல்ல வேண்டும். "சத்தமா சொல்லு, ஆத்தாவுக்குக் கேக்கணும்ல" என்பார். என்னையும் கேட்டார்.

"கப்பல் தீயில உசுரு பொழச்சதுக்கு!" என்று கத்தினேன். ஆத்தா முகத்தைப் பார்த்துக்கொண்டே கத்தினேன். நீங்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள்.

குடத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். எனக்குப் பின்னால் குணா அண்ணன் வெறுங்கையோடு நின்றார். "நீ என்னப்பா?" என்றார் பூசாரி. குணா அண்ணன் ஏதோ மெதுவாகச் சொன்னார். "கேக்கல, சத்தமா!"

அவர் கூச்சப்படுகிற மனிதர். ஆனாலும் கத்தினார். "அந்த வாஷரைப் போட்டது நான்தானான்னு எனக்குத் தெரியணும்! நான்தான்னா ஒத்துக்கிறேன். தெரிஞ்சாப் போதும். வந்து பால்குடம் எடுக்கிறேன்!"

கூட்டத்தில் யாருக்கும் அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அதே தாயிடம் நான் மறைக்கச் சொல்லிக் கேட்டிருந்தேன். அவர் காட்டச் சொல்லிக் கேட்கிறார். "தாயே, எனக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்க. எனக்கு வாயைக் கொடு" என்று வேண்டினேன். என் வாழ்க்கையில் நான் உண்மையாக வேண்டியது அதுதான் முதல் முறை.

உடனே வாய் திறந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சாப்பாடு முடிந்தது, பாத்திரம் கழுவினார்கள். சாயங்காலம் அவரைப் பஸ் ஏற்றக் கோலா சிலாங்கூர் போனோம். பஸ் வந்து நின்று, டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். அம்மா கொடுத்த பலகாரப் பையை அவர் விரலில் மாட்டிவிட்டேன். அது நழுவியது, மறுபடி மாட்டினேன். அப்போது வாய் தானாகத் திறந்தது.

"அண்ணே, அது நான் போட்டது."

அவர் என்னைப் பார்த்தார். "எட்டு எண்ணினேனே?"

"ஒண்ணு டூல் பாக்ஸ்லேர்ந்து எடுத்துக் கோத்தேண்ணே."

அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் தன் கைகளைப் பார்த்தார். "அப்ப நான் சரியாத்தான் எண்ணியிருக்கேன்" என்றார். கண் நிறைந்துவிட்டது. திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸில் ஏறிப் போனார்.

மறுநாளே தளத்துக்குப் போய் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தையும் விடவில்லை. குணா அண்ணனுக்குப் பதவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். என்னைக் காவலில் வைத்தார்கள், பிறகு வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அப்பா கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "ஆத்தாகிட்டயுமாடா பொய் சொன்ன?" இப்போது செம்பனை ஆலையில் மெக்கானிக்காக இருக்கிறேன். எந்த வேலை முடித்தாலும் கழற்றிய பழைய சாமானைக் கம்பியில் கோத்து எண்ணிக் காட்டுகிறேன். பையன்கள் என்னைக் கிராணி என்கிறார்கள்.

குணா அண்ணனுக்கு நான்கு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. எதிர்பார்க்கும் உரிமையும் எனக்கு இல்லை.

போன வருடத் திருவிழாவில் நான் ஓரமாக நின்று, வருகிறவர்களுக்குக் குடத்தில் பால் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் வேட்டியோடு ஒருவர் முன்னால் வந்து நின்றார். முதலில் கைகளைத்தான் பார்த்தேன். தோல் சுருங்கி, விரல்கள் பாதிதான் மடங்கின. அந்தக் கைகளால் குடத்தைத் தூக்கித் தலையில் வைக்க முடியாது. பக்கத்தில் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர் யாரையும் கூப்பிடவில்லை. என் முன்னால் தலையைக் குனிந்தார்.

"தூக்கி வைடா" என்றார்.

தூக்கி வைத்தேன். பால் கொஞ்சம் சிந்தி அவர் தோளில் வழிந்தது. கோயில்வரை குடத்தை ஒரு பக்கம் பிடித்தபடி நடந்தேன். பூசாரி வழக்கம்போலச் சத்தமாகக் கேட்டார். "கேட்டேன், காட்டிட்டா!" என்று குணா அண்ணன் கத்தினார்.

ஆத்தாளின் பிள்ளைகளே, நம் தாய் கேட்டதைக் கொடுப்பாள். அது எனக்கு இரண்டு தடவை தெரியும். உங்களில் யாராவது என்னைப் போல எதையாவது மூடி வைக்கச் சொல்லி அவளிடம் வேண்டியிருந்தால், இந்தத் திருவிழாவில் தைரியமாக வந்து வேண்டுதலை மாற்றிக் கேளுங்கள். குடம் தூக்கி வைக்க ஆள் இல்லையே என்று தயங்க வேண்டாம். பால் ஊற்றும் இடத்தில் நான் நிற்பேன்.